நலமாக வந்தவர்கள்: அமெரிக்காவின் புதிய லத்தீன் குடியேறிகளும் மதுவும்

கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ மாவட்டம் திராட்சைக்கும் பாதாமுக்கும் பேர்போனது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். 1990களின் நடுவில் வில்லியம் வேகா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்த மாவட்டத்தில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை நேரில் சந்தித்துப் பேசினார்கள். வாழ்நாளில் எப்போதாவது மனநோயோ குடிநோயோ போதைப் பழக்கமோ வந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. முடிவு 1998இல் வெளியானது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வந்திருந்தது. மெக்சிகோவில் பிறந்து குடியேறியவர்களிலோ நான்கில் ஒருவருக்குத்தான். அவர்களுக்குள்ளும் வேறுபாடு இருந்தது. வந்து 13 ஆண்டுகள் ஆகாதவர்கள் நலமாக இருந்தார்கள். அதைத் தாண்டியவர்களிடம் நோய் கூடியிருந்தது.

ஏழைகள், ஆங்கிலம் தெரியாதவர்கள், பலரிடம் குடியிருக்கும் உரிமைக்கான தாள்களும் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் அந்த மண்ணிலேயே பிறந்தவர்களைவிட எப்படி நலமாக இருக்க முடியும்? உடல்நலத்தில் இதே புதிரை கிரியாக்கோஸ் மார்க்கிடெஸும் ஜெனீன் கோரெய்லும் 1986இலேயே சுட்டிக்காட்டியிருந்தார்கள். தென்மேற்கு மாநிலங்களின் லத்தீன் மக்கள் வருமானத்தில் கறுப்பின மக்களுக்கு நெருக்கமாகவும், இறப்பு விகிதத்தில் வெள்ளையருக்கு நெருக்கமாகவும் இருந்தார்கள். குடியேறியோர் முரண்பாடு என்ற பெயர் இந்தப் புதிருக்கு நிலைத்துவிட்டது. அதன்பின் வந்த தேசிய அளவிலான ஆய்வுகள் படத்தைக் கொஞ்சம் கலைத்தன. மார்கரிட்டா அலெக்ரியாவின் குழு 2008இல் வெளியிட்ட கணக்கில், இந்த முரண்பாடு மெக்சிகோக்காரர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களிடம் தெரியவில்லை. லத்தீன் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருபது நாடுகள் இருக்கின்றன என்பதை ஆய்வாளர்களே அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பில் பிழையில்லை. ஆனால் அதைக் கையாண்ட விதத்தில் பெரிய பிழை இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்ற செய்தி, அவர்களுக்கு மனநல உதவி அவசரமில்லை என்ற முடிவுக்கு வசதியான சான்றாகிப் போனது. யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று பார்த்தால் இது புரியும். பிறந்த ஊரை விட்டு எல்லை தாண்டிப் போகத் துணிந்த ஒருவரை, இன்னொரு நாட்டில் வேறொரு சூழலில் வளர்ந்தவரோடு வைத்துப் பார்த்தார்கள். நெடும்பயணத்துக்கு உடம்பும் மனமும் உள்ளவர்கள்தான் கிளம்புகிறார்கள். அவர்கள் நலமாக வந்து சேர்வதில் புதிர் என்ன இருக்கிறது? வந்த பிறகு அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு விடை வேண்டுமானால், ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனையும் தம்பியையும் பார்க்க வேண்டும்.

2011இல் ஜோஷுவா பிரெஸ்லாவும் மெக்சிகோவின் கியெர்மே போர்ஜெஸும் அவர்களுடைய சகாக்களும் அதைச் செய்தார்கள். அமெரிக்காவுக்கு வந்த மெக்சிகோக்காரர்களை, குடியேறியோர் குடும்பங்களைச் சேர்ந்தும் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டவர்களோடு ஒப்பிட்டார்கள். மனச்சோர்வோ பதற்றநோயோ முதன்முதலாகத் தாக்கும் வாய்ப்பு, வந்தவர்களிடம் சுமார் 1.4 மடங்காக இருந்தது. இளைய தலைமுறையிடம் வித்தியாசம் இன்னும் கடுமை. 18 முதல் 25 வயதுக்குட்பட்டவர்களிடம் மனச்சோர்வின் அபாயம் பல மடங்கு உயர்ந்திருந்தது. மது, போதைப்பொருள் விஷயத்தில் போர்ஜெஸ் குழுவினர் அதே ஆண்டில் செய்த ஆய்வு ஒரு படிக்கட்டைக் காட்டியது. குடும்பத்தில் யாருமே புலம்பெயராதவர்கள் கீழ்ப்படியில் இருந்தார்கள். உறவினர் அமெரிக்காவில் இருப்பவர்கள், போய்த் திரும்பியவர்கள், அங்கேயே தங்கியவர்கள் என்று மேலே போகப்போக மதுவால் வரும் கோளாறுகளும் கூடின. புலம்பெயர்வு மனிதனை நோயாளியாக்குகிறது என்று நேராகச் சொல்லிவிடும் அளவுக்கு இந்தத் தரவுகள் போகவில்லை. ஆனால் நலமாக வந்தவர்கள் நலத்தை இழக்கத் தொடங்குவது வந்த பிறகுதான் என்பதை இவற்றுக்குப் பின் மறுக்க முடியாது.

வந்து சேர்வதற்கு முன்பே சுமை ஏறிவிடுகிறது. கொலம்பியாவுக்கும் பனாமாவுக்கும் இடையிலான டாரியென் காட்டை 2023இல் மட்டும் 5,20,000க்கும் மேற்பட்டவர்கள் கடந்தார்கள். அவர்களில் அதிகம் பேர் வெனிசுவேலாக்காரர்கள். கொள்ளையும் பாலியல் வன்முறையும் அந்தப் பாதையில் அன்றாட நிகழ்ச்சிகளாக இருந்தன. எல்லை தாண்டவைக்கும் ஆள்கடத்தல் தரகருக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்க ஊரில் கடன் வாங்கியிருப்பார்கள். முதல் வேலை கிடைத்த நாளிலிருந்து சம்பளத்தில் ஒரு பகுதி அந்தக் கடனுக்கும் இன்னொரு பகுதி வீட்டுக்கும் போகிறது. 2023இல் மெக்சிகோவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த தொகை 6,000 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பெரிய எண்ணுக்குப் பின்னால், வாராவாரம் பணம் அனுப்பும் கடை வரிசையில் நிற்கும் கூலிக்காரர்கள் இருக்கிறார்கள்.

வட கரோலினாவின் பண்ணைத் தொழிலாளர்களிடம் ஜோசஃப் கிரிவாக்ஸ் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வாழ்க்கையின் நடுவிலிருக்கும் முடிச்சைத் தொட்டது. குடும்பத்துக்காகத்தான் குடும்பத்தை விட்டு வந்தார்கள். அனுப்பும் பணத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அதே பிள்ளைக்கு அப்பாவின் முகம் மறந்துபோகிறது. வந்தது சரியா தவறா என்ற இரண்டு மனம் எவரிடம் அதிகமோ, அவரிடம் பதற்றமும் அதிகமாக இருந்தது. மருந்து மாத்திரையால் தீர்கிற விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை.

இனி குடிக்கு வருவோம். பென்சில்வேனியாவின் கென்னெட் ஸ்கொயர், உலகின் காளான் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர். இருட்டான, ஈரம் கசியும் கொட்டகைகளில் ஆண்டு முழுவதும் காளான் பறிப்பவர்களில் பலர் மெக்சிகோ ஆண்கள். மானிடவியலாளர் விக்டர் கார்சியா அவர்களிடையே பல ஆண்டுகள் களப்பணி செய்தவர். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்து, முதலாளி கொடுத்த விடுதியிலோ ஓர் அறையில் பலராகவோ தங்கும் ஆண்களிடம் அளவுமீறிய குடியைக் கண்டார். தனிமை, பிரிவு, கூட இருப்பவர்களின் வற்புறுத்தல் ஆகியவைதாம் அவர் எடுத்துக்காட்டும் காரணங்கள். 1986இன் குடிவரவுச் சட்டம் நாடு முழுவதும் சுமார் 27 லட்சம் பேருக்குக் குடியிருப்புரிமை கொடுத்தது. அதன்பின் காளான் தொழிலாளர் பலரால் குடும்பத்தை வரவழைத்துக்கொள்ள முடிந்தது. குடும்பம் வந்து சேர்ந்த வீடும் தனியாள் விடுதியும் குடி விஷயத்தில் ஒன்றல்ல.

லத்தீன் ஆண்கள் குடிப்பதற்கு அவர்களுடைய ஆண்மைச் செருக்கே காரணம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளில்கூட இதைப் படிக்கிறோம். நான் இதை ஏற்கவில்லை. மெக்சிகோ கிராமங்களில் ஆண்கள் குடிக்காமல் இல்லை. ஊர்க் காவல் தெய்வத்தின் திருவிழாவில், ஞானஸ்நானத்தில், கல்யாணத்தில் மூக்குமுட்டக் குடிப்பார்கள். ஆனால் அதற்கு ஒரு நாள் உண்டு, அடக்குவதற்கு அம்மாவும் மனைவியும் உண்டு, கையில் காசில்லாத நாட்களும் உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் வாரச் சம்பளம், மூலைக்கு மூலை பீர் விற்கும் கடை, அறையில் குடிக்காதே என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதே ஆள், அதே செருக்கு. சுற்றியிருந்த வேலி மட்டும் போய்விட்டது. பண்பாட்டைக் குற்றம் சாட்டுவது சுலபம், ஏனென்றால் அதற்கு யாரும் சம்பளம் உயர்த்தித்தரவோ விசா கொடுக்கவோ வேண்டியதில்லை.

சேத் ஹோம்ஸ் மருத்துவரும் மானிடவியலாளருமானவர். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்ட்ராபெரி பண்ணைகளில், மெக்சிகோவின் ஓஹாகா மலைகளிலிருந்து வந்த திரிக்கி பழங்குடியினரோடு தானும் குனிந்து பழம் பறித்து, அந்த அனுபவத்தை 2013இல் நூலாக வெளியிட்டார். அதில் அவர் கிரெசென்சியோ என்று புனைபெயரிட்டிருக்கும் தொழிலாளி ஒருவர் வருகிறார். மேற்பார்வையாளர்கள் இழிவாகப் பேசும்போதெல்லாம் அவருக்குத் தலைவலி வரும். வலி ஏறினால் வீட்டில் மனைவி மக்கள்மீது எரிந்து விழுவோமோ என்று பயப்படுகிறார். ஊர் வைத்தியரிடம் போயிருக்கிறார், ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார், எதுவும் நிலைக்கவில்லை. இருபதிலிருந்து இருபத்துநான்கு பீர் குடித்தால்தான் வலி நிற்கிறது என்கிறார். இந்தக் கதையைக் குடிநோய் என்ற தலைப்பின்கீழ்ப் போட்டுவிட்டால் பீர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். தலைவலி எப்போது தொடங்கியது என்று அவரே சொல்லிவிட்டார். அந்த வசவு நிற்காமல் எந்தச் சிகிச்சை நிலைக்கும்?

எல்லோரும் வந்தவுடன் குடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று நினைத்தால் அதுவும் தவறு. மியாமியில் மாரியோ டி லா ரோசா தலைமையில் நடந்த நெடுங்கால ஆய்வு, புதிதாக வந்த 18 முதல் 34 வயதுக்குட்பட்ட கியூபா, மத்திய அமெரிக்க, தென்னமெரிக்க இளைஞர்களைத் தொடர்ந்து கவனித்தது. வருவதற்கு முன் குடித்ததைவிட வந்த பிறகு குடி குறைந்திருந்தது. வேலை நேரம், வாடகை, போலீஸ் பயம் எல்லாம் சேர்ந்து முதல் சில ஆண்டுகளில் கையைக் கட்டிப்போடுகின்றன என்பது என் ஊகம். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: புதிய நாட்டோடு ஒத்துப்போகும் அழுத்தம் மிகுந்தவர்களிடம் குடும்ப ஒட்டுறவு காலப்போக்கில் தளர்ந்தது. குடியைத் தடுக்கும் முக்கியமான அரண் குடும்பம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. முதல் ஆண்டுகளில் கிளாஸ் காலியாக இருக்கலாம். அரண் அப்போதே அரிக்கப்பட்டுவருகிறது.

பெண்களின் கதை வேறு. புதிதாக வந்த பெண்களில் பெரும்பாலோர் குடிப்பதே இல்லை, அல்லது மிகக் குறைவாகக் குடிக்கிறார்கள். அமெரிக்க வாழ்க்கை பழகப்பழக, குறிப்பாக அடுத்த தலைமுறையில், குடிக்கும் பெண்களின் எண்ணிக்கை உயர்கிறது. ராவுல் கயேத்தானோவின் நீண்டகால ஆய்வுகள் இதைத் திரும்பத்திரும்பக் காட்டியிருக்கின்றன. முதல் தலைமுறைப் பெண்களின் துயரம் பாட்டிலில் தெரிவதில்லை. பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து, பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாய்மார்கள் ஆயிரமாயிரம். பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் லத்தீன் தாய்மாருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு, பிள்ளைகளோடு இருப்பவர்களைவிட ஒன்றரை மடங்கு என்று ஜீன் மிராண்டா குழுவினர் 2005இல் காட்டினார்கள். இவர்கள் குடிப்பதில்லை என்பதால் குடி ஆய்வுகளின் கண்ணில் படுவதில்லை. சண்டை சச்சரவு செய்வதில்லை என்பதால் போலீஸின் கண்ணிலும் படுவதில்லை.

அச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2008 மே 12 அன்று அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றைக் குடிவரவு அதிகாரிகள் சுற்றிவளைத்து 389 பேரைக் கைது செய்தார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள். பின்னாளில் நிக்கோல் நோவாக்கும் அவருடைய சகாக்களும் அயோவா மாநிலம் முழுவதுக்குமான பிறப்புப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். சோதனைக்குப் பிந்தைய மாதங்களில் லத்தீன் தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம், முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 24 சதவீதம் கூடியிருந்தது. வெள்ளையினத் தாய்மாரிடம் அப்படி எந்தக் கூடுதலும் இல்லை. இதில் நெஞ்சை உலுக்குவது, அமெரிக்காவிலேயே பிறந்த, எந்தத் தாளுக்கும் குறைவில்லாத லத்தீன் தாய்மாரிடமும் அபாயம் கூடியிருந்ததுதான். அச்சத்துக்குக் குடியுரிமைச் சான்றிதழ் தடையாக இருக்கவில்லை.

அச்சம் விலகினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. சிறுவயதில் அழைத்துவரப்பட்டு, தாள் இல்லாமல் வளர்ந்தவர்களை நாடுகடத்துவதில்லை என்ற தற்காலிகத் திட்டத்தை ஒபாமா அரசு 2012 ஜூன் 15 அன்று அறிவித்தது. அன்று 31 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். சில நாள் முன்பு பிறந்தவருக்கு இல்லை, சில நாள் பின்பு பிறந்தவருக்கு உண்டு. மற்றபடி இரு தரப்பினரும் ஒரே மாதிரியானவர்கள். யென்ஸ் ஹைன்முல்லர் குழுவினர் ஆரெகன் மாநிலத்தில் இந்த இரு தரப்புத் தாய்மாரின் பிள்ளைகளுடைய மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள். பிள்ளைகள் எல்லோரும் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். தாய்க்குப் பாதுகாப்புப் பெறும் தகுதி கிடைத்த பிள்ளைகளிடம் பதற்றநோய், ஒத்துப்போகாமைக் கோளாறு ஆகியவை 7.8 சதவீதத்திலிருந்து 3.3 சதவீதமாக இறங்கின. எந்த மருந்தும் கொடுக்கப்படவில்லை, எந்த ஆலோசகரும் பேசவில்லை. அம்மாவை நாளைக்குக் கொண்டுபோய்விட மாட்டார்கள் என்ற உறுதி மட்டுமே கிடைத்தது.

குடிப்பவருக்கோ சட்டம் இரட்டைக் கத்தி. பல மாநிலங்களில் தாள் இல்லாதவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. வேலைக்குப் போக வண்டி இல்லாமல் முடியாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு ஒன்று போதும், குடிவரவுக் காவலில் போய் முடியும். கைதானவர்களின் வழக்குகளைப் பட்டியலிடும் குடிவரவு அமலாக்கத் துறையின் ஆண்டறிக்கைகளில் இந்தக் குற்றம் தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவது பிறர் உயிரோடு விளையாடுவது. அதற்குத் தண்டனை வேண்டும். ஆனால் குடிமகன் செய்தால் அபராதமும் சிகிச்சை வகுப்பும், குடியேறி செய்தால் குடும்பத்தைப் பிரிக்கும் நாடுகடத்தல் என்ற ஏற்றத்தாழ்வை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் நன்னடத்தை இல்லாதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. குடிக்கு அடிமையானவர் அதில் முதல் வரிசையில் இருக்கிறார். நாடுகடத்தலிலிருந்து நிவாரணம் கேட்டு வந்த மெக்சிகோக்காரர் ஒருவரின் வழக்கில், குடி ஒரு நோய், அதை ஒழுக்கக்கேடாகக் கொள்ளக் கூடாது என்று வாதிடப்பட்டது. ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2016இல் அந்த வாதத்தை ஏற்றது. 2017இல் பெரிய அமர்வு அதைத் தள்ளுபடி செய்தது. அவர் பத்தாண்டுகளாக அளவுமீறிக் குடித்தார் என்பதற்கு அவருடைய மருத்துவக் குறிப்புகளும் சான்றாயின. மருத்துவரிடம் உண்மை சொன்னால் அது நீதிமன்றத்தில் எதிராக நிற்கும் என்று தெரிந்த பிறகு, எந்தக் குடியேறி வாய் திறப்பார்? சிகிச்சைக்கு வர இப்படித் தாமதிப்பதை அவர்களுடைய உடம்பும் தாங்கக்கூடியதல்ல. கல்லீரலில் கொழுப்புச் சேர வழிசெய்யும் மரபணு மாற்றம் ஒன்று லத்தீன் மக்களிடம், குறிப்பாகப் பழங்குடி வழிவந்தவர்களிடம், மிகப் பரவலாக இருக்கிறது. ஒரே அளவு மது அவர்கள் கல்லீரலைக் கூடுதலாகக் கெடுக்கக்கூடும்.

மருத்துவமனைக்குப் போகப் பயப்படுபவர்கள் வேறு வழிகளைத் தாங்களே உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவற்றில் ஹுராமென்டோ என்னும் சத்தியம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடியை விட நினைக்கும் ஆள் தேவாலயத்துக்குப் போய், குவாடலூப்பே அன்னையின் படத்துக்கு முன் மண்டியிட்டு, ஒரு மாதமோ ஆறு மாதமோ ஓராண்டோ குடிப்பதில்லை என்று பாதிரியார் முன்னிலையில் வாக்குக் கொடுக்கிறார். தேதி எழுதிய சிறு அட்டை ஒன்று கிடைக்கும். அதைப் பர்சில் வைத்துக்கொள்கிறார். சனிக்கிழமை இரவு நண்பர்கள் பீரை நீட்டும்போது, சத்தியம் செய்திருக்கிறேன் என்று அட்டையை எடுத்துக் காட்டினால் யாரும் வற்புறுத்துவதில்லை. மறுப்பதால் வரும் அவமானத்தை அந்த அட்டை துடைத்துவிடுகிறது. கென்னெட் ஸ்கொயரின் தொழிலாளர்களிடம் விக்டர் கார்சியா இதையும் பதிவு செய்திருக்கிறார். கெடு முடிந்ததும் மீண்டும் குடிப்பவர்கள் உண்டு. கெடுவைப் புதுப்பித்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. மெக்சிகோவிலிருந்து வந்த இன்னொரு ஏற்பாடு அனெக்ஸோ. குடியை விட்டவர்கள், விட முயல்பவர்களைத் தங்கவைத்து நடத்தும் இல்லம் இது. ஸ்பானிய மொழியில் பேசலாம், தாள் கேட்பதில்லை, செலவும் குறைவு. ஆனால் உரிமமில்லாமல் நடக்கும் இவற்றில் சில இடங்களில் அடக்குமுறையும் உண்டு. அதை மறைத்துப் புகழக் கூடாது.

முறைப்படி நடக்கும் முயற்சிகளும் இருக்கின்றன. சியாட்டிலில் இந்தியா ஒர்னெலாஸ் குழுவினர், தினக்கூலிகள் வேலைக்காகக் கூடும் மையத்திலேயே போய், அதே சமூகத்தைச் சேர்ந்த சுகாதார ஊழியரை வைத்து அவர்களோடு பேசவைத்தார்கள். கிறிஸ்டினா லீ குழுவினர் சுமார் 300 பேரிடம் நடத்திய சோதனையில், குடியேறி வாழ்வின் அழுத்தங்களை நேரடியாகப் பேசும்படி மாற்றியமைத்த ஆலோசனையைச் சாதாரண ஆலோசனையோடு ஒப்பிட்டார்கள். இரண்டிலும் குடி குறைந்தது. ஆனால் அமெரிக்க வாழ்க்கைக்கு இன்னும் பழகாதவர்களுக்கும், பாகுபாட்டை அதிகம் அனுபவித்தவர்களுக்கும் மாற்றியமைத்த முறையே கூடுதலாகப் பயன் தந்தது. புதிதாக வந்தவருக்கு, அவர் பட்ட பாட்டைக் கேட்டறிந்து பேசும் உதவி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த உதவி அவருக்கு எப்போது கிடைக்கிறது என்று பாருங்கள். 1996ஆம் ஆண்டின் நலத்திட்டச் சட்டப்படி, முறையான நிரந்தரக் குடியிருப்புரிமை பெற்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு முதல் ஐந்து ஆண்டுகளுக்குக் கிடையாது. தாள் இல்லாதவருக்கு மத்திய அரசின் நிதியில் எத்தனை ஆண்டு ஆனாலும் கிடையாது, அவசரச் சிகிச்சை தவிர. 2010இன் மருத்துவச் சீர்திருத்தச் சட்டமோ, அரசு காப்பீட்டுச் சந்தையில் சொந்தக் காசைக் கொடுத்து வாங்குவதற்குக்கூட அவர்களை அனுமதிக்கவில்லை. ஆக, மனம் இன்னும் உடையாமலிருக்கும் ஆண்டுகளில், குடி இன்னும் நோயாக மாறாத ஆண்டுகளில், சிறிய உதவியே பெரிதாகப் பலன் தரக்கூடிய அந்தக் காலத்தில்தான் கதவு சாத்தியிருக்கிறது. வேகாவின் ஆய்வு ஃபிரெஸ்னோவில் கண்டது போன்ற சரிவு இந்தச் சட்டங்களுக்குப் பின்னும் தொடர்வதற்கு இந்தச் சாத்திய கதவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். ஐந்தாண்டுத் தடை நீங்க வேண்டும். மருத்துவரிடம் சொன்ன வார்த்தை குடிவரவு நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது. இவ்விரண்டையும் செய்வதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை, அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் போதும்.